ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு

ஜாஸ்மின் கீபோர்டில் விரல் வைத்ததும் எதிர்வீட்டுப் பாஞ்சாலியக்கா துடைப்பத்தோடு தெருவுக்கு ஓடி வந்தாள். காயப்போட்டிருந்த ராகியை அவசரமாக ஓரம் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டி எதுவும் வரவில்லை.

“மறுக்காவும் நீதானா?” ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. “காலையில இருந்து நாலு தடவ கூட்டிட்டேன். உங்கப்பன் வண்டி பின்னால வருதுன்னு ராகிய அள்ளறதா, நீ படிக்கறேன்னு வுட்டுட்டு டயருக்குக் குடுக்கறதா?”

“இது ரிவர்ஸ் ஆரன் இல்லக்கா. இருநூறு வருசத்துக்கு முன்னால ஒரு ஜெர்மன்காரர் எழுதுன பியானோ பாட்டு.”

“அந்தாளு என்ன வண்டி வெச்சிருந்தாரு?”

“முழுசா வாசிச்சா வேற மாதிரி இருக்கும்கா.”

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா சவுரியப்பன் தன் குட்டியானை லோடு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். “முழுசும் வருமா ஒனக்கு?”

ஜாஸ்மினின் தலை அவளைக் கேட்காமலேயே ஆடியது.

முழுசும் வராது. முதல் ஒன்பது சுரம்தான் வரும். அதுவும் வகுப்பில் படித்ததல்ல, அப்பா வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு வந்தது.

சனிக்கிழமைதோறும் காரிமங்கலத்தில் பஸ் ஏறி, தருமபுரியில் சோபனா மிஸ்ஸிடம் பியானோ படித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. போனாள்தான், ஐந்து வாரம். வகுப்பில் மற்ற எல்லாரும் ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கும் வாண்டுகள். அவர்களுக்குக் குட்டி ஸ்டூல். பிளஸ் டூ படிக்கும் ஜாஸ்மினுக்கு மட்டும் மிஸ் உள்ளேயிருந்து ஒரு பெரிய சேர் எடுத்து வந்து போட்டார். புதிதாகக் கற்பவர்களுக்கென்று ஐந்து பாட்டு: ஒரு தாலாட்டு, ஒரு அரண்மனை நடனம், அப்புறம் இந்த ஜெர்மன்காரர், இன்னும் இரண்டு. வாண்டுகள் நடனத்தைத் தாண்டிவிட்டார்கள். ஜாஸ்மினின் இடது கை தாலாட்டிலேயே தூங்கிவிட்டது. ஐந்தாவது வாரம், முன்பல் விழுந்த ஒரு குட்டி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

“அழாதீங்கக்கா. எல்கேஜியில எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

அதோடு நின்றவள்தான். நாலு மாதமாகச் சனிக்கிழமைகளில் தருமபுரியில் இறங்கி, தோழி யுவராணி வீட்டில் டிவி பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.

இதில் சேலம் வேறு மாட்டிக்கொண்டிருந்தது. சேலத்தில் ஆஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்க அவளுக்கு ஆசை. அம்மா முடியாது என்றாள். அப்பாதான் தினம் வாதாடிக்கொண்டிருந்தார்: “ஒத்தையில பஸ்ஸு ஏறிப் போயி பியானோ படிச்சிட்டு வர்ற புள்ள, ஆஸ்டல்ல இருக்க மாட்டாளா?” இந்தப் பொய் உடைந்தால் சேலம் போச்சு.

அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா கேட்டார்:

“ஏம்மா, அந்த நாலாவது வெரலு தனியா எந்திரிக்க மாட்டேங்குதே, அத எப்படித் தூக்கறது?”

ஜாஸ்மின் தண்ணீர்ச் சொம்பை எட்டி எடுத்தாள். சோதிக்கிறார். யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள்.

“தேங்காண்ண தடவி நீவி வுடணும்பா. மிஸ் சொன்னாங்க.”

“மிஸ்ஸா சொன்னாங்க?” அப்பா அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். மறுநாளிலிருந்து வண்டி ஸ்டீரிங்கில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. கேட்டதற்கு, ஸ்டீரிங் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போச்சு என்றார்.

இரண்டு நாள் கழித்து அடுத்த கேள்வி. “எடது கை எப்பச் சேரும்?”

“அது கடைசி மாசந்தான்பா. யாருக்கும் சீக்கிரம் வராது.”

“கடைசி மாசமா?” அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. கோபம்தான் என்று ஜாஸ்மின் முடிவுகட்டினாள்.

இனிமேல் சத்தமே வெளியே வரக் கூடாது என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். பாஞ்சாலியக்காவின் ராகி பிழைத்தது, ஜாஸ்மின் மாட்டினாள். சத்தம் கேட்காததால் அப்பா ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் விரலையே பார்க்க ஆரம்பித்தார். பயத்தில் அவள் விரல்கள் வாய்க்கு வந்ததை உளறின. அப்பாவின் உதடு ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணியது.

“அங்க மூணாவது வெரலுதான வரணும்?”

“ரெண்டு விதமாவும் வாசிக்கலாம்பா.”

“அப்படியா” என்று லோடு சீட்டின் பின்பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டார். ஆதாரம் சேர்க்கிறார், நாளைக்கு மிஸ்ஸிடம் காட்டத்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோயில் பலகையில் கலைநிகழ்ச்சிப் பட்டியல் ஒட்டினார்கள். ‘7. பியானோ இசை — சவுரியப்பன் குடும்பம்.’ ஜாஸ்மின் அந்த வரியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தியா, போட்டுட்டாங்க” என்றார் அப்பா. குரல் நடுங்கியது. பெருமை போல.

தலைவலி என்றாள், மாத்திரை வந்தது. காய்ச்சல் என்றாள், ஆஸ்பத்திரிக்கே வண்டியை எடுத்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தப் பாட்டு வேறு. கடைசியில் ஆட்காட்டி விரலில் துணி சுற்றி, கதவில் நசுங்கிவிட்டது என்று நீட்டினாள்.

அப்பா விரலை ஊதிவிட்டார். “பரவால்லம்மா. நாளைக்கு நீ என் கண்ணு முன்னால இருந்தாலே போதும்.”

விரல் ஒடிந்தாலும் விடமாட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கோயில் மைதானம் பிளாஸ்டிக் நாற்காலிகளால் நிறைந்திருந்தது. பாஞ்சாலியக்கா உட்பட ஊர் பாதி வந்திருந்தது. உபதேசியார் மைக்கில், “அடுத்து, சவுரியப்பன் குடும்பம்” என்றார். அப்பா எழுந்தார். பிடித்துத் தள்ளுவதற்குள் தானே போய்விடலாம் என்று ஜாஸ்மின் ஓடிப்போய் மேடையேறிவிட்டாள். அப்பா படிக்கட்டருகே அப்படியே நின்றுவிட்டார்.

ஒன்பது சுரம் வாசித்தாள்.

முன்வரிசையில் பாஞ்சாலியக்கா சட்டென்று காலை மேலே தூக்கிக்கொண்டாள். ஓரத்தில் நின்ற இருவர் பைக்கை நகர்த்தினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், “வா… வா… லெப்டுல ஒடி… வரட்டும்” என்றது. மைதானமே சிரித்தது.

அவளுக்கு வேறென்ன தெரியும். மறுபடி அதே ஒன்பதை வாசித்தாள்.

“போதும், போதும், செவுரு இருக்குது.”

மூன்றாவது தடவை பாதியில் கை நின்றுவிட்டது. திரும்பினால் அப்பா மேடைக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் அந்த லோடு சீட்டு. நெற்றியெல்லாம் வேர்வை, தேங்காய் எண்ணெய் வாசம். இனி மறைக்க ஒன்றுமில்லை. சேலம் பஸ் அவள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது.

“அப்பா, எனக்கு இவ்ளோதான் வரும்.” மைக் ஆனில் இருப்பது அவளுக்கு உறைக்கவில்லை. “அஞ்சு வாரந்தான் போனேன். நாலு மாசமா நான் கிளாஸுக்கே போவல. தேங்காண்ண, எடது கை, எல்லாம் பொய்யி.”

அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் போல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

தருமபுரி வகுப்பிலிருந்து நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த அதே முன்பல் இல்லாத குட்டி, முன்வரிசை நாற்காலியில் ஏறி நின்றது.

“சவுரி அங்கிள், மிஸ் வாசிக்கச் சொன்னது உங்களத்தான? அக்கா நின்னதுல இருந்து நாலு மாசமா அந்தப் பெரிய சேர்ல ஒக்காந்து படிக்கறது நீங்க, அக்காவ எதுக்கு அழ வுடுறீங்க?”