சவுக்குக் கிளையில் ஒரு சுறா

எதையும் எதோடும் ஒப்பிட்டுவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் சுறா வாத்தியார்தான். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரே மாடி அறையில் இருவரும் குடியிருந்தோம். அவர் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தினார். நான் ஓர் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்தேன்.

ஆடித்தபசுக் கூட்டத்தைத் தவிர வேறு அலையே அடிக்காத ஊரில், சகலத்தையும் கொம்பன் சுறாவை வைத்தே அளப்பார்.

"கொம்பனுக்குத் தலை சுத்தியல் மாதிரி. ரெண்டு கண்ணும் ரெண்டு ஓரத்துல. உம்ம டீயிலயும் சீனி ஒரு ஓரம், தூள் ஒரு ஓரம்..."

"சாரே, சீனி காணுமா, இன்னும் போடணுமா? அதைச் சொல்லுங்க" என்பார் டீக்கடைக்காரர்.

இந்தச் சுறாவே இரண்டு வரன்களை விழுங்கிவிட்டது. மூன்றாவது பெண் குருவிகுளத்தில், தாவரவியல் டீச்சர். துணைக்கு நான்.

"இதுவும் போச்சுன்னா நான் தனிக்கட்டைதான் வே" என்றார் பஸ்ஸில்.

"சுறா உம்ம வாயை விட்டு வெளிய வரப்படாது, ஆமா."

சத்தியம் செய்தார்.

கிறிஸ்துமஸ் சமயம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக் கூடத்தில் சவுக்குக் கிளையை வெட்டி நிறுத்தி, பஞ்சு ஒட்டி, உச்சியில் நட்சத்திரம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் வாத்தியாரின் சத்தியம் காபியில் கரைந்துவிட்டது.

"இந்தப் பைன் மரமும் கொம்பன் சுறாவும் ஒரே சாதி. அதுக்கு எலும்பு கிடையாது; இதுக்குப் பூ கிடையாது!"

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன்.

"இது பைன் இல்ல சார், சவுக்கு" என்றாள் பெண். "பாக்கத்தான் ஊசியிலை மாதிரி. இது பூக்கும்."

நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். வாத்தியாரோ துள்ளி எழுந்தார்.

"பூக்குமா? அப்போ நான் சொன்னது பூராம் தப்பு! அருமை! எங்க பூ? காட்டுங்க!"

இருவரும் கிளைக்குள் தலையை விட்டுத் தேடினார்கள். பூ கிடைக்கவில்லை. பஞ்சுதான் தலையில் ஒட்டியது.

"தப்புன்னு சொன்னதுக்கு இப்படிச் சந்தோசப்படுத ஆளை இப்பத்தாம்ப்பா பாக்கேன்" என்று சிரித்தாள் அவள்.

"எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றார் அப்பா. "தேதி குறிச்சிருவமா?"

இன்றும் அவர்கள் வீட்டுச் சவுக்குக் கிளையில், நட்சத்திரத்துக்குக் கீழே ஓர் அட்டைச் சுறா தொங்குகிறது. இத்தனை காலமாகியும், மரத்துக்கும் சுறாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால், டிசம்பரில் போய் அந்தச் சுறாவைப் பார்க்காவிட்டால் எனக்கு வருஷம் முடிவதில்லை.