தாலிகட்டை விழுங்கிய வெங்காயம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு வயது வரவேண்டும். எனக்கு அது இருபத்தைந்தில் வரவில்லை.

ஆய்வுகூடமொன்றில் உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதம், அங்கே ஆய்வை நடத்திய சேர் என்னிடம் சின்ன வெங்காயத்தின் டிஎன்ஏ தரவைத் தந்தார். இயந்திரம் டிஎன்ஏயைக் கோடிக்கணக்கான துண்டுகளாக வாசித்திருந்தது. ஒவ்வொரு துண்டும் முழு வரிசையில் எங்கே பொருந்துகிறதென்று கணினியைக்கொண்டு தேடவேண்டும். (வெங்காயத்தின் டிஎன்ஏ மனிதனுடையதைவிடப் பல மடங்கு நீளம். அதை அறிந்தபின் யாரையும் வெங்காயம் என்று ஏசுவதில்லை.)

ஆய்வுகூடத்துப் பெரிய கணினியில் என் முறை வர இரண்டு கிழமை ஆகும். அதற்குள் முடித்துக்காட்டிக் கெட்டிக்காரி என்று பெயரெடுக்க ஆசை. சாவகச்சேரியில் எங்கள் வீட்டில் அக்காவின் மடிக்கணினி சும்மா கிடந்தது. அதில் தொடங்கினேன். பத்தாவது நிமிடத்தில் வேலை நின்றுபோனது. மெமரி போதாதாம்.

மெமரி என்றால் இடம். இடம் வேண்டுமென்றால் எதையாவது அழிக்கவேண்டும். இதுதான் என் விஞ்ஞானம். அதிக இடம் பிடித்திருந்தவை அக்காவின் கலியாணப் படங்கள். படமெடுத்தவரிடம் பிரதி இருக்கும் என்று நானே தீர்மானித்து, அடியோடு அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன். பத்து நிமிடம். மெமரி போதாதாம்.

சேரிடம் போய்ச் சொன்னேன்.

"பிள்ளை, அது கேட்டது ராம் எண்ட மெமரி. வேலை செய்யிற மேசை மாதிரி. நீர் வெறுமையாக்கினது அலுமாரியை. மேசை சின்னனெண்டால் அலுமாரியைத் துடைச்சு என்ன பிரயோசனம்?"

பிறகு, பாவப்பட்டுப் பெரிய கணினியில் தன் முறையை எனக்கு விட்டுத்தந்தார். வெங்காயம் நல்லபடி முடிந்தது.

படமெடுத்தவரோ தன் பிரதியை எப்போதோ அழித்திருந்தார். (அவருக்கும் இடம் போதவில்லையாம்.)

அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தாலி கட்டின படமுமோ?"

"ஓம்."

இருவரும் அழுதோம். அத்தான்தான் வந்து அவள் பக்கத்தில் அமர்ந்தார். "நான் அங்கைதானே நிண்டனான். எனக்கு ஞாபகமிருக்கு" என்றார்.

பிறகு சொந்தக்காரர் அனைவரிடமும் கைபேசிப் படங்களைக் கேட்டு வாங்கினார். தாலிகட்டு ஒன்றே ஒன்றில்தான் இருந்தது: நடுவில் பெரியப்பாவின் வழுக்கைத் தலை, ஒருபக்கம் அக்காவின் காது, மறுபக்கம் அத்தானின் முழங்கை.

அதைத்தான் சட்டம் போட்டு விறாந்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால், அக்கா என்னைக் காட்டுவாள்.

"அவளைக் கேளுங்கோ. வெங்காயத்துக்கு இடம் போதாதெண்டு என்ரை மனுசனை மணவறையிலயிருந்து எழுப்பிவிட்டவள்."