பங்காளத் துரை வம்சம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், கைப்பேசியையும் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் தான் யார் என்பதைக் கண்டுபிடிக்க மட்டும், பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ‘மூலம்’ என்ற பலகை மாட்டப்படும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது.

பலகையின் முழு வாசகம் ‘மூலம் - வம்ச அடையாள உயராய்வு நடுவம்’ என்பதாகும். பெயிண்டர் முதல் சொல்லைப் பெரிதாகவும் மற்றதைப் பொடியாகவும் எழுதிவிட்டதால், முதல் மாதம் வந்தவர்கள் எல்லாரும் உட்கார முடியாதவர்களாகவே இருந்தார்கள். உயராய்வாளர் குருபிரசாத் அவர்களையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. இரண்டு பேர் பாண்டிய இளவரசர்களாகத் திரும்பிப் போனார்கள். நோய் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அது அரச நோய்.

ஜாபேஸ் அண்ணாச்சி அந்த மாடிப்படி ஏறியது அறுபத்திரண்டாம் வயதில். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டி, ஊரார் நிலத்து மூலப்பத்திரங்களையெல்லாம் புரட்டிப் பார்த்து ஓய்வு பெற்றவர். களக்காட்டு வாழைத் தோட்டத்துக்கெல்லாம் நாலு தலைமுறைக் கதை தாளில் இருக்கும்போது, தமக்கு மட்டும் பூட்டன் பெயரைத் தவிர ஒன்றும் தெரியவில்லையே என்ற மனக்குறை அவருக்கு வெகுநாளாக உண்டு. போதாததற்கு, அவருடைய சபையின் நூற்றெழுபத்தைந்தாவது ஆண்டு விழா வந்துகொண்டிருந்தது. வம்சப் பெருமையுள்ள குடும்பங்களுக்குச் சபை மண்டபத்தில் கல் பதிக்கப்படும் என்று கமிட்டி அறிவித்திருந்தது. பெருமை இல்லாதவர்களுக்கு, ஊருக்கே பொதுவாகப் போடும் அசனச் சாப்பாடு உண்டு.

குருபிரசாத் கோயிலுக்கு நேரில் வந்து, சாமான் அறையிலிருந்த பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தார். ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்கள் வரிவரியாக இருந்தன. அதை எழுதிய அந்தக் காலத்து உபதேசியார் எழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லாதவர். அண்ணாச்சியின் பூட்டனைப் பற்றி அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘பஙகாள துரை மகன தேவசகாயம’.

குருபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அண்ணாச்சி, உக்காந்துக்கிடுங்க.”

“சொல்லும் வே. தாங்கிக்கிடுதேன்.”

“பங்காளம்னா என்ன? வங்காளம். அந்தக் காலத்துல வங்காளத்தப் பங்காளம்னுதான் சொல்லுவாங்க. பங்காளத் துரை மகன் தேவசகாயம். கல்கத்தாவுல இருந்து வந்த வெள்ளக்கார துரை ஒருத்தரு உங்க பூட்டனாருக்கு அப்பா.”

அண்ணாச்சி நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் தமக்கு வெயில் ஒத்துக்கொள்ளாததன் காரணம் அந்த நொடியில் விளங்கிவிட்டது.

வீட்டில் மனைவி தேவமணி இந்தச் செய்தியை அரிசி களைந்துகொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, கூட வந்திருந்த ஆய்வாளரிடம் ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினாள்.

“அந்தத் துரைக்கும் இவுக பூட்டன் ஆத்தாளுக்கும் எந்தக் கோயில்ல ஓலை வாசிச்சாங்க?”

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்புச் செய்வதைத்தான் அந்தப் பக்கத்தில் ஓலை வாசிப்பது என்பார்கள். குருபிரசாத் அசரவில்லை.

“அம்மா, நான் பாக்கது துரை. நீங்க கேக்கது வேற துறை” என்றார்.

அன்று முதல் ஜாபேஸ் அண்ணாச்சி தம் ‘உண்மையான அடையாள’த்தோடு வாழத் தொடங்கினார். இட்லியை முள்கரண்டியால் குத்தினார். அது உடைந்து சாம்பாரில் விழுந்தபோது, கலப்பில்லாத அரிசி கிடைப்பதில்லை என்றார். வீட்டு வாசலில் ‘பங்காள பவனம்’ என்று பலகை வைத்தார். ரயில் தாமதமாக வந்தால், “எங்க ஆளுக இருந்த வரைக்கும் இப்படி இல்ல” என்று திருநெல்வேலிச் சந்திப்பில் முன்பின் தெரியாதவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். காலையில் கண்ணாடி முன் நின்று முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அங்கே கொஞ்சம் வெளுப்பு இருந்தது. எல்லாருக்கும் இருக்கும். ஆனால் எல்லாரும் துரை வம்சமா?

இந்த மகத்தான மறுமலர்ச்சிக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அண்ணாச்சியின் மகள் பிரிஸில்லாவுக்கும் ஜோஷுவாவுக்கும் கல்யாணம் பேசி முடித்து, விழா முடிந்த மறு ஞாயிறு முதல் ஓலை வாசிப்பு என்று நாள் குறித்திருந்தது. பிரிஸில்லா பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. ஜோஷுவா மார்க்கெட் பக்கம் கடை வைத்து, எரிந்துபோன ஃபேன்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். நல்ல பையன், அவன் கட்டிய ஃபேன் மறுபடி கடைக்கு வராது என்று அண்ணாச்சியே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் அவர் சாதாரண மனிதராக இருந்த காலத்தில்.

“மாமா, ஓலைக்கு நீங்க கையெழுத்துப் போட்டா ஐயர்ட்ட குடுத்துருவேன்” என்று, சபைப் போதகரிடம் கொடுக்க வேண்டிய தாளோடு ஜோஷுவா வந்து நின்றான்.

“இனி மாமாங்கப்படாது. ஐயான்னு சொல்லு.”

“சரிங்க ஐயா. கையெழுத்து?”

“ஏலே, துரை வம்சத்துப் பொண்ண ஃபேன் கட்டுத பயலுக்குக் குடுத்தா, நாளைக்கு அந்தக் கல்லு என்னப் பாத்துச் சிரிக்காதா? பைய உன் சோலியப் பாத்துட்டுப் போ.”

ஜோஷுவா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். போகும்போது கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கூடத்து ஃபேனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். பிரிஸில்லா அன்று சாப்பிடவில்லை. தேவமணி சாப்பிட்டாள், ஆனால் அண்ணாச்சிக்குப் பரிமாறவில்லை. அவர் முள்கரண்டியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பெருமை தொற்றக்கூடியது என்பதை மருத்துவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணாச்சிக்குக் கல் வெட்டப்படுவது தெரிந்ததும் சபையே மாடிப்படி ஏறியது. கமிட்டிச் செயலாளர் இஸ்ரவேல் ‘கலெக்டர் துரை’ வம்சம் என்று நிரூபணமானார். உபபொருளாளர் ‘ரயில்வே துரை’. பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் ‘பீரங்கித் துரை’. அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் யாரும் அதற்கு ஆதாரம் கேட்கவில்லை. விழா நெருங்குவதற்குள் முன்வரிசை நாற்காலிகள் அனைத்தும் துரைகளால் நிரம்பிவிட்டன.

விழாவுக்கு முந்தின நாள் பிரிஸில்லா அந்தப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தாள். குருபிரசாத் ஒரு வரியோடு ஆய்வை முடித்துக்கொண்டவர். தமிழ் ஆசிரியைகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. கடைசிப் பக்கம் வரை படித்துத்தான் தீருவார்கள்.

“அப்பா, இதக் கேளுங்க. பின்னால குறிப்புல இருக்கு. ‘பங்காள துரை பிரசங்க வேளையில் நித்திரைபோய்க் கயிற்றை விட்டபடியால் சபையார் வெந்துபோனார்கள். அவன் கண்டிக்கப்பட்டான்.’”

“துரைமாரு தூங்கத்தான் செய்வாங்க. அதுக்கென்ன?”

“துரைய யாராவது ‘பட்டான்’னு எழுதுவாங்களா? ‘பட்டார்’னுதான எழுதுவாங்க? சரி, அது என்ன கயிறு?”

அண்ணாச்சி பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பினார். பிரிஸில்லாவே தொடர்ந்தாள்.

“மின்சாரம் வாரதுக்கு முன்னால கோயில் விட்டத்துல நீளமா ஒரு துணித் தட்டி தொங்குமாம். வெளிய ஒருத்தர் உக்காந்து கயிற இழுத்து இழுத்து விட்டா உள்ள காத்து வரும். அதுக்குப் பேரு பங்கா. இழுக்க ஆளு பங்கா ஆள். பங்காள். ள-வுக்கு மேல ஒரு புள்ளி வைங்க. பங்காள் துரை. துரைங்கது அவரு பேரு. நம்ம தெருவுல மட்டும் நாலு துரை இருக்கான்லா?”

சமையலறையில் தேவமணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரங்களில் ஒரு கால், ஒரு கொம்பு விட்டுப்போனதற்காக ஊராரைத் திருப்பியனுப்பியவர் ஜாபேஸ் அண்ணாச்சி. அவர் இப்போது சொன்னார்:

“சவத்த விடு. ஒரு புள்ளிதானட்டி. எவன் பாக்கப் போறான்?”

“அந்த ஒரு புள்ளிலதான் என் கல்யாணம் நிக்குதுப்பா.”

“கல்லு வெட்டியாச்சு. விழா முடியட்டும்.”

“விழா முடிஞ்ச மறு ஞாயிறு ஓலை வாசிக்கணும். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஐயர்ட்ட குடுக்கணும்.”

அண்ணாச்சி எழுந்து படுக்கப் போய்விட்டார். ஒரு புள்ளி இல்லாமல் போனதால்தான் ஒரு மனிதர் ஊரில் பெரும்புள்ளி ஆகமுடிந்தது. அதைக் கூசாமல் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

மே மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு விழா. பாளையங்கோட்டை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் துரைகள் கோட்டு அணிந்து வீற்றிருந்தார்கள். சுவரில் பதித்த கல்லை மறைத்து, உத்தரத்திலிருந்து அகலமான வெல்வெட் திரை தொங்கியது. நேராக நிற்கட்டும் என்று அடியில் ஒரு மூங்கிலைக் கோத்திருந்தார்கள். கயிற்றை இழுத்தால் திரை மேலே சுருண்டு போகும் என்று பந்தல்காரர் உறுதிமொழி அளித்திருந்தார்.

இஸ்ரவேல் ஒலிபெருக்கியில், “பங்காளத் துரை வழித்தோன்றல் திருவாளர் ஜாபேஸ் அவர்கள் இப்போது...” என்றார். மின்சாரம் போய்விட்டது.

பன்னிரண்டு ஃபேன்களும் பைய நின்றன. ஐந்து நிமிடத்தில் கோட்டுகள் நனைந்தன. பத்து நிமிடத்தில் ரயில்வே துரை அழைப்பிதழால் விசிறிக்கொண்டார். அது ஒற்றைத் தாள், மடங்கிவிட்டது. பின்வாசல் பக்கம் ஜோஷுவா ஏணி மேல் நின்று ஏதோ பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை, அவனாக வந்திருந்தான்.

“கரண்டு வரட்டும்னு இருந்தா விடிஞ்சிரும். நீரு திறந்து வையும் வே” என்றார் இஸ்ரவேல்.

ஜாபேஸ் அண்ணாச்சி கயிற்றைப் பிடித்து இழுத்தார். உத்தரத்தில் முடிச்சு மாட்டிக்கொண்டது. திரை மேலே போகவில்லை. தம் பக்கமாக ஒரு முழம் வந்தது. விட்டதும் திரும்பிப் போனது. மறுபடி இழுத்தார். வந்தது, போனது. மூங்கில் ஆட, வெல்வெட் ஆட, முன்வரிசை முழுவதும் குளுகுளுவென்று ஒரு காற்று அடித்தது.

பீரங்கித் துரை கண்ணை மூடினார். “ஆண்டவரே” என்றார், உண்மையான பக்தியோடு.

“இன்னும் ரெண்டு இழுப்பு இழும் வே.”

“இங்கன கொஞ்சம் சாச்சு இழும்.”

அண்ணாச்சி இழுத்தார். மூன்றாவது இழுப்பிலேயே கைக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, இழுக்கும்போது மூச்சை விட்டு, விடும்போது மூச்சை வாங்கினார். முப்பத்து நான்கு ஆண்டு அலுவலகத்தில் எந்த வேலையும் அவருக்கு இவ்வளவு சுளுவாக வந்ததில்லை. தோள்பட்டையில் என்னவோ திறந்துகொண்டது போல இருந்தது. வெயிலில் வெளியே உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவர்களுக்காகக் கயிறு இழுத்து இழுத்துக் கண் சொருகிப் போன ஒரு மனிதரை அவர் நினைத்துக்கொண்டார். அவன் கண்டிக்கப்பட்டான் என்ற வரி ஞாபகம் வந்தபோது, அவருக்கு முதல் முறையாகத் தம் முன்னோரை எண்ணிக் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன.

“அப்பா, கை வலிக்குதா?” பிரிஸில்லா பக்கத்தில் வந்து நின்றாள்.

“இல்லட்டி. இது நம்ம கைவேலதான்.”

அவர் கயிற்றை விட்டார். சபையைப் பார்த்து நின்றார். ஒலிபெருக்கி இல்லாததால் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

“எல்லாரும் கேளுங்க. கல்லுல இருக்கது தப்பு. எங்க பூட்டனுக்கு அப்பா வங்காளத்துத் துரை இல்ல. நம்ம கோயில்ல பங்கா இழுத்தவரு. துரைங்கது அவரு பேரு. அவரு இழுத்த காத்துலதான் உங்க எல்லார் வீட்டுத் தாத்தாமாரும் உக்காந்து பிரசங்கம் கேட்டாங்க.” பிறகு பின்வாசல் பக்கம் திரும்பினார். “ஏலே ஜோஷுவா, பைய இறங்கி வா. அந்தத் தாள எடு, கையெழுத்துப் போடுதேன். காத்து வாரதுக்கு உழைக்க குடும்பம் நம்ம ரெண்டும்தாம்லே, மாப்ளே.”

பிரிஸில்லா அழுதாள். ஜோஷுவா ஏணியில் கடைசி இரண்டு படிகளை மறந்து இறங்கினான். தேவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்று ராத்திரி இவருக்கு இட்லியைக் கையில் கொடுக்கலாம் என்று முடிவு செய்தாள்.

மண்டபத்தில் ஆழ்ந்த அமைதி. தாங்களும் யாருடைய காற்றில் வளர்ந்தவர்கள் என்று சபை சிந்திக்கிறது போலும் என்று அண்ணாச்சி நினைத்தார். முன்வரிசையில் இஸ்ரவேல் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும் வே. கயிற ஏன் விட்டீரு?”

மறுவாரம் கூடிய கமிட்டி, விழாவில் முன்வரிசைக்குக் காற்று தடைபட்டது குறித்துத் தீவிரமாக விவாதித்து, ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தைக் குறிப்பேட்டில் பதிவு செய்தது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளில் சபை அடைந்திருக்கும் முன்னேற்றத்தை அதைப் படித்த யாரும் மறுக்க முடியாது. அன்று துரை கண்டிக்கப்பட்டான்.

ஜாபேஸ் ‘கண்டிக்கப்பட்டார்’.