தடை ஒண்ணும் இல்ல, சார்

உண்மையைக் கண்டுபிடித்தே தீருவது என்று அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் மகாபலேஷ்வர் ஹெக்டே. பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஸ்க்ரம் மாஸ்டர். பெயரில்தான் மாஸ்டர். அதட்டக்கூட அதிகாரம் கிடையாது. தினமும் பத்து மணிக்கு டீமைக் கூட்டி, நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், என்ன தடை என்று கேட்க வேண்டும். நின்றபடியே பேசி முடிக்க வேண்டிய கூட்டம். நான் ஆரம்பித்தால் நிற்கவே நிற்காது.

அந்தக் கூட்டம் கொஞ்ச நாளாகச் சட்டென்று முடிந்துவிடுகிறது! வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. ஒரே பதில்: "தடை ஒண்ணும் இல்ல, சார்."

புரோகிராமர் புலம்பவில்லை என்றால் என்ன அர்த்தம்? வேறெங்கோ புலம்பிவிட்டு வருகிறான் என்று அர்த்தம்.

போதாக்குறைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மனைவி மேதினி காபியை நீட்டியபடி கேட்டாள்: "யதிராஜ் பொண்ணுக்கு ஜுரம் விட்டுதாமா?"

குடித்த முதல் வாயே எனக்குப் புரையேறியது. "எந்த யதிராஜ்?"

"உங்க டீம் யதிராஜ்தான்."

"அவனுக்குப் பொண்ணு இருக்குன்னு எனக்கே தெரியாதே! உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். தூக்கத்துல."

எனக்கே தெரியாததைத் தூக்கத்தில் எப்படிச் சொல்வேன்? இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்தேன். தூங்கினால் இன்னும் எதையாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம் வேறு.

காலையில், "அவரைக்காய் வாங்கிட்டு வரேன்" என்று பையோடு கிளம்பினேன். நானாகவே மார்க்கெட்டுக்குக் கிளம்பியதற்கு அவளல்லவா சந்தேகப்பட்டிருக்க வேண்டும்? படவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது. மாடிப்படியில் கொஞ்ச நேரம் பதுங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தேன்.

சமையலறையில் தோசைக்கல்லில் அக்கி ரொட்டி. ரவை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன். அதன் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் என் டீம்!

"யதிராஜ், அந்தப் பணம் கட்டற பக்கம் முடிய எத்தனை நாளாகும்?"

"மூணு நாள், மேடம்."

"அவர்கிட்ட ஆறுன்னு சொல்லு. பாதியாக் குறைச்சாதான் அவருக்குச் சோறு இறங்கும். லோபா, உனக்கு என்னம்மா?"

"நாளைக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மேடம். சார்கிட்ட லீவு கேட்டேன். இந்த ரெண்டு வார வேலை முடியட்டும்னுட்டார்."

சுருக்கென்றது. கேட்டாள்தான். நான் சொன்னேன்தான்.

"உன் வேலையை யதிராஜ் பாத்துப்பான். நீ அம்மாவைக் கவனி. அவர் என்ன தடைன்னு கேட்டா?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லிடறேன்."

"சமத்து!"

"மேதினி!" செருப்பும் கையுமாகப் பாய்ந்தேன்.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அவரைக்காய் எங்க?"

"என் முதுகுக்குப் பின்னால என்னடி நடக்குது இங்க?"

"கத்தாதீங்க. ஒரு நாள் நீங்க குளிச்சிட்டிருந்தப்போ உங்க போனை எடுத்தேன், லோபா அழுதா. என்னன்னு கேட்டேன். மறுநாள் யதிராஜ் பேசினான். அப்புறம் எல்லாரும் வர ஆரம்பிச்சுட்டாங்க."

"மென்பொருளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் அவங்க சொல்றதை முழுசாக் கேக்கறேன்."

கட்டங்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"சிரிங்க, நல்லா சிரிங்க! நம்ம டைரக்டர் நளினாட்சி மேடம் காதுக்குப் போனா தெரியும் சேதி. கம்பெனிக் கூட்டத்தை அடுப்படியில நடத்தறதா? இதோ, இப்பவே அவங்களுக்குப் போன் போடறேன்!"

கடைசிக் கட்டத்திலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஹெக்டே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேதினி மேடம் முகம் தெரியல."