நீங்க போங்க

“நீங்க போங்க, எனக்காக நிக்காதீங்க” என்றாள் அந்தப் பெண், மூன்றாவது முறையாக.

நெவில் நின்றான். அவனோடு சைக்கிள் சங்கம் முழுக்க நின்றது. ஈரப்பனி பக்கவாட்டில் அடித்தது.

“தலைவரே, என் கால் விரல் இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?” என்றாள் பிரெண்டா. “எனக்குத் தெரியல.”

அவர்கள் சங்கத்தில் ‘நீங்க போங்க’ என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. போன குளிர்காலத்தில் மார்ஜரி இதையேதான் சொன்னாள். நம்பிப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஒரு பேருந்து நிறுத்தத்தில் அழுதுகொண்டிருந்தவளை அவள் கணவர் காரில் வந்து அள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து விதி: ‘நீங்க போங்க’ என்று யார் சொன்னாலும் போகக் கூடாது. இன்னொரு ஆளைத் தொலைத்தால் குளிர்காலச் சவாரியே கிடையாது என்று செயலாளர் ஜெஃப்ரி சொல்லிவிட்டார்.

நெவிலுக்கு இன்றுதான் முதல் தலைமை. மனைவி ரூத் இறந்த பிறகு மற்ற நாட்களை அலுவலகம் பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொள்ள இந்தச் சவாரி மட்டும்தான்.

அந்தப் பெண் காலையில் சந்தை மணிக்கூண்டருகே நின்றிருந்தாள். பழைய சைக்கிள், பின்னால் கனத்த பை, கண்வரை சுற்றிய கம்பளித் துண்டு. “நல்ல குளிர்” என்றான் நெவில். “ஆமாம்” என்றாள். சங்கம் கிளம்பியது. அவளும் கிளம்பினாள். புது ஆட்கள் இப்படித்தான் வந்து சேர்வார்கள். பெயர் கேட்டுக் கூச்சப்படுத்துவது யார்க்‌ஷயரில் வழக்கமில்லை.

இப்போது நெவில் அவளுக்குப் பின்னால் போய் ஓட்ட ஆரம்பித்தான். அவள் வேகத்தைக் குறைத்தாள். அவனும் குறைத்தான். அவள் இறங்கிக் குனிந்து செயினைப் பார்த்தாள்.

“செயினா? நான் பார்க்கிறேன்.”

“ஒண்ணுமில்ல, சும்மாதான். நீங்க...”

“போங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.”

மரத்துப்போன விரல்களால் அவன் தொட்டதும் செயின் நிஜமாகவே கழன்று, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அதை எடுப்பதற்குள் பிரெண்டாவின் மூக்கு நீலமானது.

“ஏம்ப்பா, நாம சைக்கிள் சங்கமா, மெக்கானிக் கடையா?” என்றார் ஜெஃப்ரி.

“யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான்.”

“சொன்னேன். வெயில்ல உட்கார்ந்து சொன்னேன்.”

பைதான் பிரச்சினை என்று நெவிலுக்குத் தோன்றியது. கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டான்.

“ஐயோ, அது வேணும் எனக்கு!”

“உங்களுக்குத்தான். நான் தூக்கிட்டு வர்றேன், அவ்வளவுதான்.”

அடுத்த மேட்டில் அவளைவிட அவன் மெதுவாக ஏறினான். பைக்குள் கருங்கல் இருக்கும் போலிருந்தது.

பாதை பிரியும் இடம் வந்தது. சங்கம் வலப்பக்கம், மேட்டைச் சுற்றிப் போகும் நீண்ட பாதையில் திரும்பியது. அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பக்கம் இல்ல!” நெவில் கத்தினான். “பிரெண்டா, பிடி!”

பிரெண்டா விரட்டிப் போய் மறித்தாள்.

“எனக்கு இதுதான் வழி” என்றாள் அவள்.

“தொலைஞ்சவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. வாங்க கண்ணு.”

அவள் நெவிலின் சைக்கிளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். திரும்பி வந்தாள்.

இனி இவளைப் பின்னால் விடக் கூடாது. நெவில் அவளை நடுவில் போட்டு நாலாபுறமும் ஆட்களை ஓட்ட வைத்தான். மேடு வரும்போதெல்லாம் பிரெண்டா அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

“இன்னும் கொஞ்சம்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு டீக்கடை வந்திருக்கு. சூப் பிரமாதமாம்.”

“அந்தக் கடையா? அது வந்து...”

“பேசாதீங்க, மூச்சை மிச்சம் பிடிங்க!”

பதினோரு மணிக்குச் சேர வேண்டியவர்கள் ஒன்றரைக்குச் சேர்ந்தார்கள்.

கடை இருட்டாக இருந்தது. கதவில் பூட்டு. புகைபோக்கியில் புகை இல்லை. வாசல் சுவரில் ஒரு விவசாயி மட்டும் தோளில் பனியோடு உட்கார்ந்திருந்தார்.

பிரெண்டா கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே கவிழ்த்திருந்த கோப்பைகளைப் பார்த்தாள்.

“மூடிட்டுப் போயிட்டாங்க” என்றார் ஜெஃப்ரி. “நாம வர்ற வரைக்கும் எவன் திறந்து வச்சிருப்பான்?”

“எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துட்டேன், ஜெஃப்ரி. ஒருத்தரைக்கூட விடல.”

“விடல. அதான் தப்பு. இதுங்கள்ல ஒண்ணுகூட அடுத்த வாரம் வராது. குளிர்காலச் சவாரி இதோட சரி, தம்பி. ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்து ஓய்வெடு.”

நெவில் ஈரக் கையுறையைக் கழற்றிப் பிழிந்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

“நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றாள் அந்தப் பெண்.

“நாங்க போறோம்மா” என்றான் நெவில். “இப்பவாவது போறோம்.”

அவள் கம்பளித் துண்டை முகத்திலிருந்து இறக்கினாள். விவசாயி சட்டென்று சுவரிலிருந்து குதித்தார்.

“ஏம்மா எட்னா, கடைக்காரி நீயே இவங்களோட ஊர் சுத்தப் போயிட்டா, கடையை யாரு திறக்கிறது?”