முட்டிவலிக்கு முடிந்த ராஜா

இனிமேல் பழங்காசு வாங்குவதில்லை என்று என் மனைவி ஆதிலட்சுமியின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். முழுசாகப் பதினோரு நாள் ஆவதற்குள் ரோமெட்டால்கஸ் வந்துவிட்டார்.

ரோமெட்டால்கஸ் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. ரோமாபுரிக்கு அடங்கி திரேஸ் நாட்டை ஆண்ட ராஜா. இரண்டாயிரம் வருஷத்துச் செப்புக்காசாகக் கூரியரில் வந்திருந்தார். எங்கே ஒளிப்பது? ஆதிலட்சுமி கைபடாத இடம் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

யோசித்தேன். மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். வேண்டுதல் முடிச்சை யார் அவிழ்ப்பார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையே கண்டுபிடித்துவிட்டாள்.

“இன்னாங்க இது?”

“வேண்டுதல்.”

“யாருக்கு?”

“உன் முட்டிவலிக்குத்தான்.”

அவள் கண் கலங்கிவிட்டது. என் தட்டில் இரண்டு வடை கூடுதலாக விழுந்தன. பொய்க்கு இவ்வளவு ருசியா என்று மகிழ்ந்துபோனேன்.

மூன்றாம் நாள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஆதிலட்சுமி ஓடி ஏறுகிறாள், ஓடி இறங்குகிறாள்!

“வலி போயே போச்சிங்க! கெளம்புங்க, கோகிலாம்பா கோயில் உண்டியல்ல காசைப் போட்டுட்டு வந்துடலாம்.”

“ஒரு மாசம் பாப்பமே. மறுபடி வலிச்சா?”

“சாமி காசை வூட்ல வெச்சிகினு இருந்தா உங்களுக்குத்தான் வலிக்கும்.”

பக்கத்து வீட்டு விஜயராணியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு என்னை வில்லியனூர் கோயிலுக்கு இழுத்துப்போனாள். உண்டியல் வாயருகே முடிச்சைக் கொண்டுபோனேன், திரும்ப இழுத்துக்கொண்டேன். போட்டால் ராஜா போச்சு. போடாவிட்டால் மானம் போச்சு.

“போடுங்கண்ணே” என்றாள் விஜயராணி.

“ஆதி, இது ராஜா காசும்மா!” என்று உடைந்துபோனேன்.

“தெரியும். சாமிக்கு முடியற காசை யாராவது பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிவாங்களா? தொட்டாலே சரசரங்குது.”

மஞ்சள் பட்டால் காசு கெட்டுவிடுமே என்று கவரோடு முடிந்திருந்தேன்.

அவளே அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தாள். “ஒரு பக்கம் உங்க ராஜா. அந்தப் பக்கம் யாரு?”

“ரோமாபுரிச் சக்கரவர்த்தி. முடி இவருக்கு, முடிவு அவருக்கு. அவர் சொன்னபடி கேட்டா நாடு இவர் கையிலயே இருக்கும்.”

ஆதிலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். விஜயராணியும் சிரித்தாள். வெட்கத்தோடு நானும் சிரித்துவிட்டேன். உண்டியலில் பத்து ரூபாய் போட்டாள். ராஜாவை என் சட்டைப்பையில் போட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். துள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

வாசலில் கால் வைத்ததும் ஆதிலட்சுமி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வேண்டுன காசைப் போடலியா, வலி திரும்பிடுச்சிங்க. அந்த ஈரத்துணி பக்கெட்டை எடுத்துகினு மாடிக்குப் போங்க, ராஜா.”