என் தாடையை இருபத்தேழு தடவை உடைத்தவர்

கரவனெல்லப் பக்கத்து றப்பர் தோட்டங்களில், என் முகத்தைப் பார்த்து நான் யாரென்று தெரியாமல் முழிக்கிற ஒரே மனிதர் மண்டையோட்டு அண்ணன்தான். பன்னிரண்டு வருடமாக லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீடு. ஆனாலும் ரோட்டில் கண்டால், "வாயக் கொஞ்சம் தொறங்க" என்பார். திறந்தால்தான், "அட, நம்ம பள்ளிக்கூடத்து சேர்!"

தொழில் அப்படி. ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, வெட்டிய பாண் ரொட்டித் துண்டுகளை மறுபடி முழுப் பாணாக அடுக்குவதுபோல அடுக்கி, மண்டையோடு செய்வார். பல் டாக்டர்கள் நிஜ வாயில் கை வைக்கும் முன், திரையில் அதை வெட்டிப் பிடுங்கிப் பழகுவார்கள். வேலை கொழும்புக்கு, செய்வது லயத்துக் காம்பரா அறையில். "இந்த ஐயாவுக்குத் தாடை என்னா அம்சம் பாருங்க!" என்று உருகி, எனக்கு டீ தர மறந்துவிடுவார்.

பிறகு என் முறை வந்தது. ஞானப்பல் குறுக்கே படுத்துவிட்டது. ஒட்டினாற்போல் உதட்டு நரம்பு. அது அறுந்தால் உதடு மரத்துப்போகும். தமிழ் வாத்தியாருக்கு வாய் போனால் மிச்சம் என்ன? ஸ்கேன் சீடியை அண்ணனிடம் கொடுத்தேன்.

அன்று முதல் தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செய்தி அறிக்கை.

"சேர், இன்னைக்கும் ஒங்க தாடைய ஒடச்சிட்டேங்க."

"ஐயோ, அண்ணே!"

"பயப்படாதீங்க. நாளைக்கி வேற பக்கமா ஒடப்போம்."

திரையில் பல்லைப் பிடுங்கிப் பார்த்து, இருபத்தேழு தடவை உடைத்தார். கம்ப்யூட்டர் தானாக வரைந்த நரம்பை நம்பாமல் அழித்துவிட்டு, படம் படமாகத் தன் கையாலேயே நரம்புக்கு மஞ்சள் நிறம் பூசினார். அப்போதுதான் தெரிந்தது, பல்லின் வேர் நரம்பைக் கட்டிப்பிடித்துக் கிடப்பது.

லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். பல் டாக்டர் அம்மாவிடம் சிங்களத்தில் கெஞ்சி, திரையில் அந்தப் பல்லை எடுக்கவைத்தார். முதல் தடவை நரம்பு அறுந்து திரை சிவந்தது. "ஆயெத் கரமு, மிஸ்" என்று மறுபடி மறுபடி செய்யவைத்தார். ஐந்தாவது தடவை டாக்டர் வேரை விட்டுவிட்டு, பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்தார். நரம்பு தப்பியது.

அடுத்த வாரம் என் வாயிலும் அப்படியே செய்தார். அன்று அண்ணன் வரவில்லை. நிஜ ரத்தம் கண்டால் அவருக்கு மயக்கம் வந்துவிடுமாம்.

மறுநாள், பலாக்காய் போல வீங்கிய முகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். தினமும் என்னை ஏற்றும் த்ரீவீல்காரரே, "எந்தத் தோட்டத்துக்குங்க?" என்றார். காலையிலிருந்து அங்கே காத்திருந்த அண்ணன் மட்டும் நேராக என்னிடம் ஓடிவந்தார்.

"சேர், ஒதட்ட அசச்சுப் பாருங்க!"

அசைத்தேன். மனிதர் நடுரோட்டில் அழுதுவிட்டார்.

இப்போதும் வழியில் கண்டால் முழிக்கத்தான் செய்கிறார். அவர் கேட்கும் முன்பே நான் வாயைத் திறந்துவிடுகிறேன்.